கால் பெரிதா, அரை பெரிதா?



தெல்தோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஐந்தாம் தரத்தில் படிக்கும் அவருடைய மகன் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் ஓரளவு செய்கிறானாம். புள்ளி வைத்த இலக்கம் வந்துவிட்டால் மட்டும் தடுமாறுகிறான். 0.5, 0.25 ஆகிய இரண்டில் எது பெரியது என்று பயிற்சிப் புத்தகத்தில் கேட்டிருக்கிறார்கள். அவன் யோசிக்காமல் 0.25 என்று எழுதிவிட்டு, "அஞ்சை விட இருபத்தஞ்சு பெரிசுதானே உம்மா" என்று காரணமும் சொல்லியிருக்கிறான். "நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எப்படி விளங்கப்படுத்துவதென்று தெரியவில்லை. டியூஷனுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்கிறார் சகோதரி.

இந்த ஒரு காரியத்துக்காக டியூஷனுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பையனுக்கு வேண்டிய பாடம் சகோதரியின் வாயிலேயே இருக்கிறது. கடைக்கு அனுப்பும்போது அவனிடம் என்ன சொல்லி அனுப்புகிறார்? கால் கிலோ பருப்பு, அரைக் கிலோ சீனி, முக்கால் கிலோ வெங்காயம். அரைக் கிலோவை விடக் கால் கிலோ பாரம் என்று எந்தப் பிள்ளையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கையில் தூக்கி வந்தவனுக்கு அது நன்றாகத் தெரியும். புத்தகத்தில் 0.25 என்று எழுதியிருப்பது தான் தூக்கி வந்த அதே 'கால்' என்பதுதான் அவனுக்குத் தெரியாது. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குசினியில் பருப்புப் பொட்டலமும் சீனிப் பொட்டலமும் இருக்கும்போதே கூப்பிட்டுக் கேளுங்கள்.

"மகன், இங்க வாங்க. இந்தக் கால் கிலோப் பருப்பு எத்தனை கிராம்?"

"இருநூற்றைம்பது."

"அரைக் கிலோச் சீனி?"

"ஐநூறு."

"எது பாரம்?"

"சீனிதான்."

"அப்ப கொப்பியில எழுதுங்க. சீனி 0.500 கிலோ. பருப்பு 0.250 கிலோ. இப்ப எது பெரிசு?"

இந்த இடத்தில் அவனே சிரிப்பான். ஐநூறு கிராமும் இருநூற்றைம்பது கிராமும் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. பிறகு இரண்டிலும் கடைசிப் பூச்சியங்களை அழிக்கச் சொல்லுங்கள். 0.5, 0.25 என்று புத்தகத்தில் இருந்தபடியே வந்துவிடும். வலப்பக்கக் கடைசியில் பூச்சியம் போட்டாலும் எடுத்தாலும் பாரம் மாறுவதில்லை என்பதையும் அவன் அப்போதே கண்டுகொள்வான்.

பிள்ளைக்கு இந்தத் தவறு வருவதில் வாசிக்கும் முறைக்கும் பங்கு உண்டு. 0.25 ஐப் 'பூச்சியம் தசம் இருபத்தைந்து' என்று வாசிக்கப் பழக்கினால் காதில் இருபத்தைந்துதான் விழும். 'பூச்சியம் தசம் இரண்டு, ஐந்து' என்று ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கப் பழக்குங்கள். புள்ளிக்கு அடுத்த இடம் பத்தில் ஒன்று, அதற்கடுத்தது நூறில் ஒன்று, அதற்கும் அடுத்தது ஆயிரத்தில் ஒன்று. எது பெரியது என்று பார்ப்பதானால் புள்ளிக்கு இடப்புறத்தை முதலில் பார்க்க வேண்டும். அது சமமாக இருந்தால் புள்ளிக்கு அடுத்த முதல் இலக்கம். அதுவும் சமமாக இருந்தால்தான் அதற்கடுத்தது. அகராதியில் சொல் தேடுவது போலத்தான்.

நம் தமிழிலேயே இதற்கான சொற்கள் கிடக்கின்றன. கால் என்பது 0.25. அரை 0.5. முக்கால் 0.75. அரைக்கால் என்று மூத்தவர்கள் சொல்வது 0.125. 'ஒன்றேமுக்கால் கிலோ' என்பதைப் பிள்ளை 1.75 என்று எழுத வேண்டும். நீங்கள் வாயால் சொல்லச் சொல்ல அவன் இலக்கத்தில் எழுதட்டும், அவன் எழுதியதை நீங்கள் வாயால் சொல்லுங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலே போதும்.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இன்னொரு நல்ல கணக்கு இருக்கிறது. பத்து மீற்றர்த் துணி வாங்கினீர்கள். மூன்று பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2.75 மீற்றர் வீதம் வெட்டினீர்கள். எவ்வளவு மிச்சம்? மூன்று தடவை 2.75 என்றால் 8.25. பத்திலிருந்து கழித்தால் 1.75 மீற்றர் மிச்சம். இப்போது சின்னவளுக்குத் தொழுகைத் துப்பட்டி ஒன்று வெட்ட 1.8 மீற்றர் வேண்டும். மிச்சத் துணி காணுமா? அந்தத் தெல்தோட்டைப் பையனிடம் கேட்டால் 'காணும்' என்பான், ஏனென்றால் எழுபத்தைந்து எட்டை விடப் பெரிது. துணியை விரித்து அளவு நாடாவை வைத்துக் காட்டுங்கள். ஐந்து சென்ரிமீற்றர் இழுபடும். கத்தரிக்கோலை வைத்த பிறகு தெரிந்துகொள்வதைவிட வைக்குமுன் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இருக்கவில்லை. நம்மைவிட நம் பிள்ளைகள் மந்தம் என்பதல்ல காரணம். நம் கையில் சதக் காசு இருந்தது. இருபத்தைந்து சதமும் ஐம்பது சதமும் கொண்டு போய் இனிப்பு வாங்கிய பிள்ளைக்கு 0.25 ரூபாவும் 0.50 ரூபாவும் புத்தகத்துக்கு முன்பே தெரியும். இலங்கையில் 1872 ஆம் ஆண்டிலிருந்தே ரூபாவுக்கு நூறு சதம் என்ற கணக்கு நடந்துவருகிறது. இந்தியாவில் 1957 வரை ரூபாவுக்குப் பதினாறு அணா என்றே இருந்தது. இவ்விஷயத்தில் நம் பாட்டன்மார் அவர்களுக்கு முன்னாலேயே தசமத்தில் புழங்கியவர்கள். இன்றைக்குச் சதக் காசைக் கண்டிராத பிள்ளைகள்தான் அதிகம். மின்சாரப் பட்டியலிலும் வங்கிப் புத்தகத்திலும் மட்டும் அந்த இரண்டு இலக்கங்கள் புள்ளிக்குப் பின்னால் இன்னும் இருக்கின்றன. ஆகையால் காசை வைத்துத் தசமம் கற்பிக்கும் பழைய உதாரணங்கள் இன்றைய பிள்ளைக்கு ஒட்டுவதில்லை. கிலோ, லீற்றர், மீற்றர் இவற்றைத்தான் பிடிக்க வேண்டும்.

குவைத்திலோ ஓமானிலோ பஹ்ரைனிலோ வேலை செய்து வந்த தாய்மார் இருந்தால் அவர்களுக்கு இன்னும் வசதி. குவைத் தீனாருக்கு ஆயிரம் பில்ஸ், ஓமான் ரியாலுக்கு ஆயிரம் பைஸா. அங்கே கடையில் விலை 0.250 என்று மூன்று இலக்கத்தில்தான் எழுதியிருப்பார்கள். கால் தீனார் என்று நீங்கள் எத்தனை தடவை எண்ணிக் கொடுத்திருப்பீர்கள்! மூன்று தசமதானம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அலுமாரியில் பழைய பில்ஸ் காசு கிடந்தால் எடுத்துப் பிள்ளையிடம் விளையாடக் கொடுங்கள்.

தெல்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொழுந்துத் தராசை விட நல்ல ஆசான் இல்லை. இலங்கையில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று தேயிலை பயிரிட்ட இடம் இவர்களுக்கு அயலிலுள்ள லூல்கந்துர தோட்டம்தான். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தொடங்கினார். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 0.4 ஹெக்டெயர் என்று வைத்துக்கொண்டு அது எத்தனை ஹெக்டெயர் என்று பிள்ளையிடம் கேளுங்கள். 19 ஐ 4 ஆல் பெருக்கினால் 76. பத்தில் ஒன்றுகளால்தானே பெருக்கினோம், ஆகவே 7.6. நாட்டுக்கே பேர் வாங்கித் தந்த பயிர் எட்டு ஹெக்டெயருக்கும் குறைந்த நிலத்தில் தொடங்கியது என்பது பெரியவர்களுக்கே வியப்பாக இருக்கும்.

கொழுந்துக் கணக்குக்கு வருவோம். காலையில் 6.75 கிலோவும் பின்னேரம் 8.5 கிலோவும் பறித்தார்கள். மொத்தம் எவ்வளவு? இங்கேதான் பிள்ளைகள் அதிகம் வழுக்குகிறார்கள். முழு எண்களைக் கூட்டிய பழக்கத்தில் இலக்கங்களை வலது ஓரத்துக்குத் தள்ளி எழுதி, 675 உடன் 85 ஐக் கூட்டி, 7.60 என்று விடை தருவார்கள். திட்டாதீர்கள். "மகன், காலையில ஆறே முக்கால், பின்னேரம் எட்டரை. ரெண்டும் சேர்ந்து ஏழரைக் கிலோதானா? பின்னேரத்துக் கூடையே எட்டரை இருந்திச்சே" என்று மட்டும் கேளுங்கள். தானாகவே அழித்துவிடுவான். புள்ளிக்குக் கீழே புள்ளி வர வேண்டும் என்பதைச் சட்டமாகச் சொல்வதைவிட, கிலோவுக்குக் கீழே கிலோ, கிராமுக்குக் கீழே கிராம் என்று சொன்னால் ஏன் என்பது விளங்கும். 6.75 உடன் 8.50 ஐக் கூட்டினால் 15.25.

அதில் சாக்கின் பாரம் 0.4 கிலோவைக் கழித்தால் 14.85 கிலோ. கிலோ 200 ரூபா என்று வைத்துக்கொண்டால் 2,970 ரூபா. நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோத் தேயிலைத் தூள் கிடைக்கும். அப்படியானால் அந்த 14.85 கிலோவிலிருந்து எவ்வளவு தூள்? 14.85 ஐ 4.5 ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் பத்தால் பெருக்கி 148.5 ஐ 45 ஆல் வகுத்தால் 3.3 கிலோ. இது ஐந்தாம் தரத்துக்குக் கொஞ்சம் கடினந்தான். ஆனாலும் முயன்று பார்க்கட்டும். ஒரு நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிப் பறித்தது மூன்றே சொச்சம் கிலோத் தூள் என்று அறிந்துகொள்கிற பிள்ளை, தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. பரீட்சையில் புள்ளி தவறினால் ஒரு மாக்ஸ் போகும். மருந்தில் தவறினால்?

பிள்ளைக்குக் காய்ச்சல் பாணி கொடுக்கும்போது 2.5 மில்லிலீற்றர் என்று எழுதியிருக்கும். சாதாரணத் தேக்கரண்டி 5 மில்லிலீற்றர் என்பதால் அது அரைத் தேக்கரண்டி. புள்ளி மங்கிப்போய் 25 என்று வாசித்தால் பத்து மடங்கு மருந்து. அதனால்தான் உலகெங்கும் மருந்து எழுதுபவர்களுக்கு இரண்டு விதிகளைக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குக் குறைந்த அளவை எழுதும்போது புள்ளிக்கு முன்னால் பூச்சியம் கட்டாயம் போட வேண்டும். அதாவது 0.5 என்று எழுத வேண்டும். வெறுமனே .5 என்று எழுதினால் புள்ளியைக் காணாதவர் 5 என்று வாசிப்பார். முழு எண்ணாக இருந்தால் பின்னால் புள்ளியும் பூச்சியமும் போடக்கூடாது. 5.0 என்று எழுதினால் 50 என்று வாசித்துவிடுவார்கள். கணக்குக் கொப்பியில் 5.0 என்று எழுதுவது பிழையல்ல, மருந்துத் துண்டில் அது ஆபத்து. உங்கள் வீட்டில் பெரிய மகள் தம்பிக்கு மருந்து கொடுப்பவளாக இருந்தால் இந்த இரண்டையும் அவளுக்குச் சொல்லிவையுங்கள். எழுத்து விளங்காவிட்டால் ஊகிக்க வேண்டாம், பாமசியில் மறுபடி கேட்க வெட்கப்படவும் வேண்டாம். போத்தலோடு தந்த அளவுக் குவளையையோ சிரிஞ்சையோ பாவியுங்கள். குசினிக் கரண்டிகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை.

இதையே ஒரு கணக்காகவும் கொடுக்கலாம். போத்தலில் 60 மில்லிலீற்றர். ஒரு வேளைக்கு 2.5 வீதம் நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாட்கள். எவ்வளவு செலவாகும், எவ்வளவு மிஞ்சும்? நாளுக்கு 7.5, ஐந்து நாளுக்கு 37.5, மிச்சம் 22.5. அது அன்டிபயோட்டிக் பாணியாக இருந்தால், மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்துவைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளையின் கிளினிக் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதப்படும் முதல் இலக்கமே தசமந்தான், பிறந்தபோது இருந்த பாரம். "நீங்க பிறக்கும்போது 2.9 கிலோ. இப்ப 27.4 கிலோ. எவ்வளவு கூடியிருக்கிறீங்க?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆசையோடு கொப்பியைத் திறக்கும். விடை 24.5 கிலோ. பிறந்த குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைந்திருந்தால் அதைப் பாரம் குறைந்த குழந்தை என்று தனியாகக் கவனிப்பார்கள். இப்போது 2.45 கிலோவில் பிறந்த குழந்தை கோட்டுக்கு மேலா, கீழா? நாற்பத்தைந்து ஐந்தை விடப் பெரிது என்று பார்ப்பவர் மேலே என்பார். குழந்தையோ கோட்டுக்குக் கீழே இருக்கிறது. நாளைக்குத் தாயாகப்போகிற நம் பெண்பிள்ளைகளுக்குத் தசமம் வெறும் பரீட்சைப் பாடம் அல்ல என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

காசு விஷயத்திலும் பாருங்கள். நாம் இன்னும் 'ஒரு ராத்தல் பாண்' என்றுதான் கேட்கிறோம். ராத்தல் போய்க் கிலோ வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. பாணின் நிறை 450 கிராம் இருக்க வேண்டும் என்றும், குறைந்தால் 13.5 கிராமுக்கு மேல் குறையக்கூடாது என்றும் 2024 பெப்ரவரியில் வர்த்தமானியில் அறிவித்தார்கள். அரைப் பாணுக்கு 225 கிராம், அதில் 9 கிராம் வரை குறையலாம். ஆகக் குறைந்தது பாண் எவ்வளவு இருக்க வேண்டும்? 450 இலிருந்து 13.5 ஐக் கழித்தால் 436.5 கிராம். அரைப் பாண் 216 கிராம். ஆகக் குறைந்த நிறையில் இரண்டு அரைப் பாண் வாங்குபவருக்கு ஒரு முழுப் பாண் வாங்குபவரை விட எவ்வளவு குறையும்? 432 தான் கிடைக்கும், ஆகவே 4.5 கிராம். அற்பம்தான். ஆனால் பிள்ளை இதைத் தானே கண்டுபிடித்தால் அடுத்த நாள் பாண் கடையில் தராசைத் தேடும்.

அற்பமில்லாத உதாரணமும் இருக்கிறது. 2021 இல் வழக்கமான 12.5 கிலோ சமையல் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், 18 லீற்றர் என்று சொல்லி 9.18 கிலோ காஸ் கொண்ட புது சிலிண்டர் ஒன்று கடைக்கு வந்தது. பழையதன் விலை 1,493 ரூபா, புதியது 1,395 ரூபா. 98 ரூபா மலிவு என்று வாங்கியவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தவர்கள் வாங்கவில்லை. 12.50 இலிருந்து 9.18 ஐக் கழித்தால் 3.32 கிலோ காஸ் குறைவு. 1,493 ஐ 12.5 ஆல் வகுத்தால் கிலோ 119.44 ரூபா. அந்த விலைப்படி 9.18 கிலோவுக்கு ஏறத்தாழ 1,096 ரூபா 46 சதம்தான் வர வேண்டும். ஆகவே மலிவு என்று நினைத்த சிலிண்டரில் முந்நூறு ரூபாவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடக் கொடுத்திருக்கிறோம். லீற்றரையும் கிலோவையும் ஒரே பலகையில் எழுதிவைத்தால் எவருக்கும் மயக்கம் வரும். 'இதில் எத்தனை கிலோ, ஒரு கிலோ என்ன விலை' என்று கேட்கத் தெரிந்த பெண்ணை அவ்வளவு லேசில் ஏமாற்ற முடியாது.

இந்தத் தசமம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் நல்ல கதை இருக்கிறது. ஹிஜ்ரி 341 இல், அதாவது கி.பி. 952-953 அளவில், திமிஷ்க் நகரில் அபுல் ஹஸன் அல் உக்லீதிஸீ என்ற அறிஞர் இந்தியக் கணக்கு முறையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் 19 ஐத் திரும்பத் திரும்பப் பாதியாக்கிக் காட்டுகிறார். 9.5, பிறகு 4.75, பிறகு 2.375, பிறகு 1.1875, ஐந்தாம் தடவை 0.59375. நாம் புள்ளி வைக்கும் இடத்தைக் காட்ட அவர் ஒன்றின் இடத்து இலக்கத்தின் தலையில் ஒரு சிறு கோடு இட்டார். தசமப் பின்னங்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துக்களில் இது ஒன்று. பிறகு ஸமர்கந்தில் ஜம்ஷீத் அல் காஷீ 1427 இல் முடித்த 'மிப்தாஹுல் ஹிஸாப்' என்ற நூலில் தசமங்களை முறையாக விளக்கினார். ஐரோப்பாவில் இதைப் பரவச் செய்த சைமன் ஸ்டெவினின் சிறு நூல் 1585 இல்தான் வந்தது. இதைச் சொல்லிப் பெருமையடிப்பதில் எனக்கு அவ்வளவு பிரியமில்லை. உக்லீதிஸீ தன் நூலின் பெயரிலேயே அது இந்தியக் கணக்கு என்று எழுதிவைத்தார். யாரிடமிருந்து கற்றோம் என்பதை மறைக்காத அந்தக் குணத்தைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் 19 ஐப் பாதி பாதியாக ஆக்கச் சொல்லுங்கள், எத்தனை தடவை போகிறார்கள் பார்ப்போம்.

அந்த அறிஞர்களுக்குக் கணக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு விடை ஸகாத். சேமிப்புக்கும் வியாபாரத்துக்கும் நூற்றுக்கு இரண்டரை. பிக்ஹு நூல்களில் இதற்கு 'ருபுஉல் உஷ்ர்' என்று பெயர், பத்தில் ஒன்றின் கால். வழியும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. முதலில் பத்தில் ஒன்றை எடுங்கள், பிறகு அதில் கால் எடுங்கள். 640,000 ரூபா நிஸாபை எட்டி ஒரு வருடம் பூர்த்தியான சேமிப்பு என்றால், பத்தில் ஒன்று 64,000, அதன் கால் 16,000 ரூபா. கல்குலேட்டரில் போடும் பிள்ளை 0.025 ஆல் பெருக்க வேண்டும். 0.25 என்று போட்டால் 160,000 வரும், அதைக் கண்டதும் யாரும் திடுக்கிட்டுத் திரும்பப் பார்ப்பார்கள். 0.0025 என்று போட்டால் 1,600 வரும், அதை யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். அங்கேதான் பயம். ஒரு பூச்சியத்தால் ஏழைகளின் ஹக்கில் 14,400 ரூபா நம் அலுமாரியிலேயே தங்கிவிடும். வீட்டில் ஸகாத் கணக்குப் பார்க்கும் நாளில் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள், வாப்பா ஒரு தடவை, பிள்ளை ஒரு தடவை. நிஸாப் எவ்வளவு, எதற்கெல்லாம் கடமை என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புள்ளி வைத்ததெல்லாம் தசமம் அல்ல. ஆண்பிள்ளைகள் கிரிக்கெட் பார்த்து இதில் நன்றாகக் குழம்பியிருக்கிறார்கள். 1996 மார்ச் 17 இல் லாஹூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 46.2 ஓவரில் 245 ஓட்டம் எடுத்து வென்றது. 46.2 என்றால் 46 ஓவரும் இரண்டு பந்தும். ஓவருக்கு ஆறு பந்து, ஆகவே 278 பந்துகள். ஐம்பது ஓவருக்கு 300 பந்து. மீதி 22 பந்து, அதாவது மூன்று ஓவரும் நாலு பந்தும், ஆட்டக்காரர் எழுதினால் 3.4. தசமமாக நினைத்து 50 இலிருந்து 46.2 ஐக் கழிக்கிற பிள்ளைக்கு 3.8 வரும். எட்டுப் பந்து உள்ள ஓவர் எங்கே இருக்கிறது? கிரிக்கெட் பைத்தியம் பிடித்த பையன் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கை முதலில் கொடுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

மணியும் அப்படித்தான். அஸர் 3.40 க்கும் மஃரிப் 6.25 க்கும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் எவ்வளவு நேரம்? 2.85 என்று எழுதுகிற பிள்ளையிடம் மணிக்கூட்டைக் காட்டுங்கள். இரண்டு மணி 45 நிமிடம்.

இந்த மாதத்துக்குச் சில கணக்குகள். ஒரு நாளைக்கு ஒன்று போதும், ஐந்தையும் ஒரே இரவில் திணிக்க வேண்டாம்.

1. ஏழு பேர் கொண்ட வீட்டில் ஆளுக்கு 2.4 கிலோ அரிசி வீதம் ஸகாத்துல் பித்ரா கொடுக்கிறார்கள். எத்தனை கிலோ வேண்டும்? 5 கிலோப் பைகளாக வாங்கினால் எத்தனை பை, எவ்வளவு மிஞ்சும்?

2. சட்டியில் 4.5 லீற்றர் நோன்புக் கஞ்சி. ஒரு கோப்பைக்கு 0.3 லீற்றர். எத்தனை கோப்பை?

3. பால்மாப் பக்கட் ஒன்று 400 கிராம். ஒரு கிலோவுக்கு எத்தனை பக்கட்? (வகுத்த பிறகு விடை பெரிதாக வருகிறதே என்று பிள்ளை கேட்டால் சந்தோஷப்படுங்கள்.)

4. ஒரு பவுன் 8 கிராம். உம்மாவின் பழைய காப்பு 1.75 பவுன். அதை உருக்கிச் செய்த புதுக் காப்பு 12.6 கிராம். எத்தனை கிராம் குறைந்தது? அது எத்தனை பவுன்?

5. கதவு நிலையில் சென்ற வருடம் போட்ட உயரக் கோடு 1.2 மீற்றர். இந்த வருடம் 1.28 மீற்றர். எத்தனை சென்ரிமீற்றர் வளர்ந்திருக்கிறாள்?

விடைகள்: முதலாவது 16.8 கிலோ, நாலு பை, 3.2 கிலோ மிச்சம். இரண்டாவது 15 கோப்பை. மூன்றாவது 2.5 பக்கட். நாலாவது 1.4 கிராம், 0.175 பவுன். ஐந்தாவதுக்கு 26 என்று விடை வந்தால் 1.2 ஐ 1.20 என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கதவு நிலையில் அளவு நாடாவை வைத்து அளக்கச் சொல்லுங்கள். எட்டு சென்ரிமீற்றர்தான் இருக்கும்.